புதுக் கணிப்பொறி கண் திறக்கவில்லையா?

பிள்ளைகளின் படிப்புக்காகக் கணிப்பொறி வாங்க நினைக்கும் நம் தீவுக் குடும்பங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கடையில் மடிக்கணினி வாங்கிவிடுவது. மற்றொன்று, சென்னையில் இருக்கும் தம்பியிடமோ மைத்துனரிடமோ சொல்லி, ரிச்சி தெருவில் உதிரி பாகங்களை வாங்கிக் கப்பலில் வருகிறவர் கையில் கொடுத்தனுப்பச் செய்து, வீட்டிலேயே பூட்டிக்கொள்வது. இரண்டாவது வழியில், கொடுத்த பணத்துக்கு அதிகத் திறனுள்ள இயந்திரம் கிடைக்கும். பின்னாளில் ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பூட்டுகிற பிள்ளைக்கும் அது ஒரு பாடம்.

ஆனால் எல்லாவற்றையும் பூட்டி முடித்துச் சுவிட்சை அழுத்தும்போது இயந்திரம் பேசாமல் இருந்துவிட்டால்? மெயின்லேண்டில் இருப்பவர் மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விடலாம். நமக்கோ நடுவில் மூன்று நாள் கப்பல் பயணம் இருக்கிறது. பொருள் போய், கடைக்காரர் பார்த்து, திரும்பி வருவதற்குள் பிள்ளையின் பரீட்சையே முடிந்துவிடும். எனவே எந்தப் பாகத்தில் குறை என்பதை இங்கேயே, நம் வீட்டு மேசையிலேயே கண்டுபிடிக்கத் தெரிந்திருப்பது மற்றவர்களைவிட நமக்கு அதிகம் தேவை. நல்ல செய்தி என்னவென்றால், புதிதாகப் பூட்டிய இயந்திரம் எழாததற்குப் பெரும்பாலும் காரணம் கெட்டுப்போன பாகம் அல்ல. சரியாகப் பொருந்தாத பாகமே.

இயந்திரம் எப்படிக் கண் விழிக்கிறது?

நோய் தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது அல்லவா? இயந்திரம் எழும் வரிசையை அறிந்துகொண்டால் அது எந்தப் படியில் நின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம்.

பெட்டியின் பின்புறம் இருக்கும் மின்வழங்கியை எஸ்.எம்.பி.எஸ். என்கிறோம். சுவரில் செருகி அதன் சுவிட்சைப் போட்டதுமே, முன்பக்கப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பாகவே, அது 5 வோல்ட் மின்சாரத்தைச் சிறிதளவு மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டு "முழு மின்சாரம் தா" என்று கேட்கிறது. எஸ்.எம்.பி.எஸ். 12, 5, 3.3 வோல்ட் மின்சாரங்களைத் தந்து, அவை நிலைபெற்றதும் "எல்லாம் சரி" என்று ஒரு சைகை அனுப்புகிறது. அதன் பிறகே பிராசஸர் விழிக்கிறது. அது பயாஸ் என்னும் சிறு நிரலைப் படித்து, ராம் நினைவகத்தையும் படம் காட்டும் பகுதியையும் சோதித்து, திரையில் முதல் எழுத்துகளைக் காட்டுகிறது. கடைசியாகத்தான் வட்டைத் தேடி விண்டோஸை அழைக்கிறது.

தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் இந்த முறை 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யிலேயே இருந்தது. பெட்டி, மதர்போர்டு, மின்வழங்கி ஆகியவற்றின் அளவுகளையும் இணைப்புகளையும் வகுத்த ஏ.டி.எக்ஸ். தர அளவை இன்டெல் நிறுவனம் 1995-இல் வெளியிட்டது. வெவ்வேறு நிறுவனங்களின் பாகங்களை வாங்கி நம்மால் ஒன்றாகப் பூட்ட முடிவதற்கு இவையே காரணம்.

நான்கு வகை மௌனம்

எழாத இயந்திரங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. உங்களுடையது எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

1. விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை. மின்சாரமே உள்ளே வரவில்லை என்று பொருள். அதே சுவர் பாயிண்டில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். யு.பி.எஸ்.ஸை விலக்கிவிட்டு நேராகச் செருகிப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறச் சுவிட்சைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மதர்போர்டில் செருகும் 24 முனைப் பெரிய இணைப்பு 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் சரி என்றால் முன்பக்கப் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய கம்பி தவறான ஊசிகளில் செருகப்பட்டிருக்கலாம். அந்த இரண்டு ஊசிகள் எவை என்று மதர்போர்டின் கையேட்டில் படத்துடன் இருக்கும். ஒரு சிறு ஸ்குரூ டிரைவரின் நுனியால் அவ்விரண்டையும் ஒரு நொடி தொட்டுவிட்டு எடுங்கள். இயந்திரம் எழுந்தால் குறை பொத்தானில்தான்.

2. விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறது, அல்லது நின்று நின்று எழுகிறது. எங்கோ ஷார்ட் ஆகிறது என்று எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்கிறது. மதர்போர்டைத் தாங்கும் பித்தளைத் திருகுகளில் ஒன்று ஓட்டைக்கு நேராக இல்லாமல் போர்டின் அடியில் தொட்டுக்கொண்டிருக்கலாம். கை தவறி விழுந்த ஒரு திருகு உள்ளேயே கிடக்கலாம். பிராசஸருக்கு மேலுள்ள விசிறி சரியாக அழுந்தாமலோ, அதன் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலோ இருந்தால், இயந்திரம் எழுந்த சிறிது நேரத்திலேயே சூடேறி அணைந்துவிடும்.

3. விசிறிகள் ஓடுகின்றன, திரை மட்டும் கருப்பு. புதுக் கணிப்பொறிகளில் அதிகம் காண்பது இதைத்தான். பிராசஸருக்கு அருகில் 4 அல்லது 8 முனைகள் கொண்ட தனி மின் இணைப்பு உண்டு. பெரிய இணைப்பைச் செருகிவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அடுத்தது ராம். அதைக் கழற்றி, இரு முனைகளும் பூட்டிக்கொள்ளும்வரை உறுதியாக அழுத்துங்கள். ஒரே ஒரு ராம் என்றால், நான்கு துளைகள் உள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து இரண்டாவது துளையே அதற்குரியது. டி.டி.ஆர். 5 வகை ராம் முதன்முறை எழும்போது தன்னைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட எடுக்கும். அதுவரை திரை கருப்பாகத்தான் இருக்கும், பொறுமை தேவை. மூன்றாவது, மானிட்டர் கம்பி. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கம்பி அதில்தான் செருகப்பட வேண்டும். பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்துள்ள இன்டெல் பிராசஸர்களில் படம் காட்டும் பகுதியே கிடையாது. கார்டு இல்லாமல் திரை ஒளிராது. நான்காவது, பழைய இருப்பிலிருந்து வந்த மதர்போர்டு. அதன் பயாஸ் புதிய பிராசஸரை அறியாமல் இருக்கலாம். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய பயாஸைப் பெற்றுப் போட வேண்டியிருக்கும்.

4. எழுத்துகள் வருகின்றன, விண்டோஸ் வரவில்லை. இது மௌனமே அல்ல. இயந்திரம் எழுந்துவிட்டது, வட்டைத்தான் அதற்குத் தெரியவில்லை. வட்டின் கம்பியையும் பயாஸில் உள்ள துவக்க வரிசையையும் பாருங்கள்.

குறைத்துப் பாருங்கள்

மேற்சொன்னவற்றால் பலன் இல்லையென்றால், அனுபவமுள்ள மெக்கானிக்குகள் கையாளும் முறை ஒன்று உண்டு. வேண்டாதவற்றையெல்லாம் நீக்கிவிட்டு, மிகக் குறைந்த பாகங்களோடு எழுப்பிப் பார்ப்பது.

மின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, முன்பக்கப் பொத்தானைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். மதர்போர்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். அதைச் சுற்றி வந்த வெள்ளி நிற உறையின் மேல் வைக்க வேண்டாம்; அந்த உறை மின்சாரத்தைக் கடத்தக்கூடும். பிராசஸர், அதன் விசிறி, ஒரே ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ். ஆகியவை மட்டும் போதும். பிராசஸரில் படம் காட்டும் பகுதி இல்லையென்றால் கிராஃபிக்ஸ் கார்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்துகள் திரையில் வர வட்டு தேவையே இல்லை.

இப்போது எழுந்தால், நீக்கிய பாகங்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒவ்வொரு முறையும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டே சேர்க்க வேண்டும். எந்தப் பாகத்தைச் சேர்த்ததும் இயந்திரம் மீண்டும் மௌனமாகிறதோ, அதுவே குற்றவாளி. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

அப்போதும் எழவில்லையா? போர்டில் உள்ள வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்துவிட்டு மறுபடி போடுங்கள். தவறான அமைப்புகள் அழிந்துபோகும். இப்போதைய போர்டுகள் பலவற்றில் பிராசஸர், ராம், கிராஃபிக்ஸ், வட்டு என்று நான்கு சிறு விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அந்த இடத்தில்தான் சிக்கல். விளக்கு இல்லாத போர்டில் சிறு ஸ்பீக்கர் ஒன்றைப் பொருத்தினால் 'பீப்' ஒலிகளால் அது செய்தி சொல்லும். எத்தனை ஒலிக்கு என்ன பொருள் என்பது கையேட்டில் இருக்கும்.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால், இயந்திரம் ஓடும்போது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 12 வோல்ட் இணைப்பில் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் இணைப்பில் 4.75 முதல் 5.25 வரையும் காட்ட வேண்டும். ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். நம் 230 வோல்ட் மின்சாரம் அதனுள்ளே 300 வோல்ட்டுக்கும் மேலாகிக் கெப்பாசிட்டர்களில் தேங்கி நிற்கும். கம்பியைப் பிடுங்கிய பிறகும் அது உயிருக்கு ஆபத்து.

நம் தீவுகளுக்கே உரிய எதிரிகள்

நேற்றுவரை நன்றாக ஓடிய இயந்திரம் இன்று எழவில்லை என்றால், நம் ஊரின் காற்றையும் மின்சாரத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

முதல் எதிரி உப்புக்காற்று. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சமையல் உப்பு தானே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். அடுக்களையில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். கடற்காற்றோடு வந்து போர்டின் மேல் படியும் உப்புத் தூசியும் மழைக்காலத்தில் அப்படியே கசிகிறது. மின்சாரம் ஓடக்கூடாத இடத்தில் ஓடுகிறது. ராமின் பொன்னிற முனைகள் மங்குகின்றன. ராமைக் கழற்றி முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்துப் போட்டாலே பல இயந்திரங்கள் எழுந்துவிடுகின்றன. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். தினமும் ஓடும் இயந்திரம் தன் சூட்டாலேயே உலர்ந்திருக்கும். விடுமுறைக்கு மெயின்லேண்ட் போய், இரண்டு மாதம் மூடிக் கிடந்த வீட்டில் இருந்த இயந்திரமே அதிகம் மக்கர் செய்யும். திரும்பி வந்தவுடன் சுவிட்சைப் போடாமல், பெட்டியின் பக்க மூடியைத் திறந்து ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள். உள்ளே பல்லியோ எறும்போ குடியேறியிருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாவது மின்சாரம். நம் தீவுகள் மெயின்லேண்டின் மின் கட்டமைப்போடு இணைக்கப்படவில்லை. பெரும்பகுதி மின்சாரம் டீசல் ஜெனரேட்டர்களிலிருந்தே வருகிறது. கரண்ட் போனால் செருகியைப் பிடுங்கிவிட்டு, திரும்ப வந்து சில நிமிடங்கள் கழித்துச் செருகுவது நல்லது. யு.பி.எஸ். ஒன்று வாங்குவது வீண் செலவல்ல.

மூன்றாவது எர்த். பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இழுக்கிறதா? உங்கள் வீட்டு எர்த் கம்பி வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம் அது. கடலோர மண்ணில் எர்த் கம்பி துருப்பிடிப்பது புதிதல்ல. உடனே எலக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டுங்கள். இது கணிப்பொறியைவிட நம் பிள்ளைகளைப் பற்றிய விஷயம்.

படங்களும் பாடங்களும் போய்விட்டனவா?

இயந்திரம் எழவில்லை என்றதும் வீட்டில் எழும் முதல் கவலை இதுதான். கல்யாணப் படங்கள், ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியின் படங்கள், பிள்ளையின் புராஜெக்ட் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பதற வேண்டாம். இவை இருப்பது வட்டில். மதர்போர்டோ எஸ்.எம்.பி.எஸ்.ஸோ பழுதானால் பெரும்பாலும் வட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதைக் கழற்றி, அதற்குரிய யு.எஸ்.பி. இணைப்பானில் பொருத்தி, வேறொரு கணிப்பொறியில் செருகினால் கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் புதிய விண்டோஸ் இயந்திரங்கள் சிலவற்றில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் வேண்டும். அது பொதுவாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இயந்திரம் நன்றாக இருக்கும்போதே அந்த எண்ணை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பயாஸைத் தொட்டாலும் சில சமயம் அதைக் கேட்கும்.

வாங்குமுன் மூன்று சொல்

சென்னையில் வாங்கித் தருகிறவரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். கடையிலேயே ஒருமுறை பூட்டி, திரையில் எழுத்து வருவதைப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். கனமான கிராஃபிக்ஸ் கார்டைப் போர்டில் விட்டுவைக்காமல் கழற்றித் தனியாகப் பொதிய வேண்டும். கப்பலின் ஆட்டத்தில் அது தன் துளையை உடைத்துவிடும். ரசீதுகளையும் அட்டைப் பெட்டிகளையும் தூக்கி எறியாமல் கூடவே அனுப்ப வேண்டும். உத்தரவாதம் கோர அவை வேண்டும்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையைப் போர்ட் பிளேரோடும் வேறு சில தீவுகளோடும் இணைக்கும், மொத்தம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடி இழைக் கம்பித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோள் இணைப்பில் ஒரு பயாஸ் கோப்பை இறக்குவதற்கே பாதி நாள் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. இன்று கம்பி வந்து சேர்ந்த தீவுகளில் கோப்பும் கையேடும் எளிதாக வந்துவிடுகின்றன. பாகங்கள் மட்டும் இன்னமும் கடல் கடந்துதான் வர வேண்டும். ஆகவே பழுது என்று ஒன்றைத் திருப்பி அனுப்புமுன், அதுதான் பழுது என்று மேசையில் நிரூபித்துவிட்டு அனுப்புங்கள். நம் சங்கத்துப் பிள்ளைகளில் பத்தாம் வகுப்பு படிக்கும் எவரும் இதை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளலாம். அடுத்த வீட்டு இயந்திரம் எழாதபோது அவர்களையே அழைக்கலாம்.