கண்ணாடிக்கு வெளியே நிற்கும் பெற்றோர்

மாதம் நிறையும் முன்பே குழந்தை பிறந்துவிடுகிறது. ஒன்றரைக் கிலோகூட இல்லை. பிறந்த கையோடு இன்குபேட்டருக்குள் வைத்துவிடுகிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்த தாய் வேறொரு மாடியில் படுத்திருக்கிறார். கண்ணாடிக்கு வெளியே நிற்கும் தந்தைக்குத் திரையில் ஓடும் எண்கள் தெரிகின்றன. ஆனால் அவை கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா என்பது தெரியாது. டாக்டர் வந்து சொல்வதில் பாதி, பதற்றத்தில் மனதில் நிற்பதில்லை.

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் தவிக்கும் இந்தப் பெற்றோருக்குத் தொழில்நுட்பம் என்ன செய்யும்?

ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்பே பாஸ்டனில் ஒரு முயற்சி நடந்தது. பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை 1997 முதல் ‘பேபி கேர்லிங்க்’ என்ற திட்டத்தைச் சோதித்துப் பார்த்தது. 1,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த 56 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவுக் குடும்பங்களுக்கு வீட்டிலேயே வீடியோ அழைப்புக் கருவி பொருத்தப்பட்டது. குழந்தையின் அன்றாட நிலவரத்தை இணையதளத்திலும் பார்க்கலாம். முடிவுகள் 2000இல் வெளியாயின. மருத்துவமனையில் தங்கிய நாட்கள் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சிகிச்சையில் குறை சொன்ன அளவு, இந்த வசதி கிடைத்த குடும்பங்களில் 3 சதவீதம். கிடைக்காதவர்களிடம் 13 சதவீதம்.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தார் வேறு வழியில் போனார்கள். எடின்பரோ மருத்துவமனையின் குழந்தைப் பிரிவோடு சேர்ந்து ‘பேபிடாக்’ என்ற கணினித் திட்டத்தை உருவாக்கினார்கள். இதயத்துடிப்பு, ஆக்சிஜன் அளவு, மருந்துக் குறிப்பு என்று குவியும் தரவுகளைப் படித்து, கணினியே அறிக்கை எழுதும். செவிலியருக்கு ஒரு வகை. பெற்றோருக்கு எளிய நடையில் இன்னொரு வகை. பெற்றோருக்கான அறிக்கையில் வெறும் தகவலை அடுக்காமல், கலங்கியிருப்பவரிடம் பக்குவமாகப் பேசுவதுபோல எழுதக் கணினியைப் பழக்கினார்கள். ஏற்கெனவே இத்தகைய சிகிச்சைப் பிரிவில் குழந்தையோடு இருந்து மீண்டவர்களிடம் இரண்டு நடையிலும் எழுதிய மாதிரிகளைக் காட்டியபோது, அவர்கள் விரும்பியது ஆறுதலான நடையைத்தான்.

கிளாஸ்கோவின் ராயல் குழந்தைகள் மருத்துவமனையில் 2017இல் வந்த ‘வீகிரியேட்’ இன்னும் எளிமையானது. செவிலியர் குழந்தையைச் சில விநாடி வீடியோ எடுத்து, பெற்றோர் மட்டுமே பார்க்கும்படி பாதுகாப்பாக அனுப்புவார். கொரோனா காலத்தில் பார்வையாளர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டபோது பல மருத்துவமனைகள் இதை நாடின.

ஆனால் திரையில் பார்த்தால் போதுமா? இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் நெஞ்சோடு அணைத்து வைத்துச் சிகிச்சை தந்தபோது, முதல் 28 நாள் மரணங்கள் 25 சதவீதம் குறைந்தன. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2019இல் காட்டிய ஒயரில்லாத மெல்லிய உணரிகளும் (சென்சார்) இதற்கே உதவுகின்றன: தாய் தூக்கி அணைக்கக் குறுக்கே நிற்பவை கண்காணிப்புக் கருவிகளின் ஒயர்கள்தானே!

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் வீடியோ பாடங்கள் மூலம் பெற்றோருக்குக் கை கழுவும் முறை, பாலூட்டுதல், நெஞ்சோடு அணைத்து வைக்கும் ‘கங்காரு பராமரிப்பு’ ஆகியவற்றைக் கற்றுத்தந்து, அவர்களைப் பிரிவுக்குள்ளேயே அனுமதித்தார்கள். அந்த அனுபவத்தை ஒட்டி, குடும்பப் பங்கேற்புப் பராமரிப்புக்கான வழிகாட்டுதலை மத்திய சுகாதார அமைச்சகம் 2017இல் வெளியிட்டது.

எனவே உங்கள் வீட்டுக் குழந்தைக்கு இப்படியொரு நிலை வந்தால், “நாங்கள் எப்போது உள்ளே வரலாம், குழந்தையை எப்போது நெஞ்சில் அணைக்கலாம்?” என்று முதல் நாளே செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள்.