மின்கணப்பும் அதன் பொய்ச்சுவாலையும்

மின்கணப்பு என்பது மின்சாரத்தால் அறையைச் சூடேற்றுவதோடு, விறகோ நிலக்கரியோ எரிவது போன்ற தோற்றத்தையும் காட்டும் வீட்டுச் சாதனம். குளிர்நாடுகளில் வீட்டுச் சுவரில் புகைபோக்கியுடன் கட்டப்படும் தீமாடத்தைத் தமிழில் கணப்பு என்கிறோம். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் வெள்ளையர் காலத்துப் பங்களாக்களில் இன்றும் அதைப் பார்க்கலாம். மின்கணப்பில் சூடு தரும் பகுதி வேறு, சுவாலை காட்டும் பகுதி வேறு. சூடு தருவது எளிது. கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் போதும். சுவாலையை நம்பும்படி காட்டுவதுதான் கடினம். இக்கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதே.

பொய்ச்சுவாலை எதற்கு?

சூடு கிடைத்தால் போதாதா, எரிவதுபோல் நடிப்பு எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். இதற்கான விடையை லண்டன் நகரின் வரலாற்றில் தேட வேண்டும்.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் காற்று அசையவில்லை. வீட்டுக் கணப்புகள், ஆலைகள், மின்நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து எழுந்த நிலக்கரிப் புகை மூடுபனியுடன் கலந்து நகரின்மேல் படிந்து நின்றது. பகலிலேயே கண் தெரியாமல் பேருந்துகள் நின்றன. அப்போதைய கணக்குப்படி ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர். தொடர்ந்த மாதங்களையும் சேர்த்துக் கணித்த பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. இதன் விளைவாக 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. உள்ளாட்சி மன்றங்கள் ஒரு பகுதியைப் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கலாம்; அங்கே வீட்டில் சாதாரண நிலக்கரியை எரிக்கக் கூடாது. பழைய கணப்பை மாற்றுவதற்கு உதவித்தொகையும் தரப்பட்டது.

ஆனால் பிரித்தானிய வீட்டில் கணப்பு சூட்டுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. வரவேற்பறையில் நாற்காலிகள் அதைப் பார்த்தே போடப்பட்டிருக்கும். மாலையில் குடும்பம் கூடும் இடம் அதுதான். அந்த இடத்தில் வெறும் கம்பிச்சுருள் சிவந்து நின்றால் மனம் ஒப்பாது. பொய்ச்சுவாலையைச் சிலர் விளையாட்டுப் பொருள் என்று எள்ளுவதுண்டு. புகையை விடச் சொன்ன சட்டத்துக்கும் தீயை விட முடியாத வழக்கத்துக்கும் இடையில் அது ஒரு பாலமாக இருந்தது என்பதே சரியான மதிப்பீடு.

சட்டத்துக்கு முன்பே இதற்கான பொருள்கள் வந்துவிட்டன. 1890-களில் நீண்ட மின்விளக்குகளையே சூடேற்றியாகப் பயன்படுத்தினர். 1906-இல் அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் நிக்கல்-குரோமியக் கலப்பு உலோகத்துக்குக் காப்புரிமை பெற்றார்; நிக்ரோம் எனப்படும் இது பலமுறை சிவக்கச் சூடேறினாலும் எளிதில் அற்றுப்போகாது. 1920-களில் பிரிட்டனின் பெர்ரி நிறுவனம் மேஜிக்கோல் என்ற பெயரில் போலிக் கரித்துண்டுகள் கொண்ட மின்கணப்பை விற்றது.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. அந்தக் கணப்புகளுக்கான மின்சாரத்தை லண்டனில் பேட்டர்சீ போன்ற நிலக்கரி மின்நிலையங்களே தந்தன. புகை வீட்டை விட்டுப் போனதே தவிர ஊரை விட்டு முழுவதும் போகவில்லை. சிக்கல் இன்றும் தீர்ந்துவிடவில்லை. விறகடுப்பின் நுண்துகள் மாசைக் குறைக்க இங்கிலாந்தில் 2021 மே முதல் ஈர விறகைச் சிறு கட்டுகளாக விற்பது தடை செய்யப்பட்டது.

உண்மைச் சுவாலையின் இயல்பு

போலியை அறிய முதலில் அசலை அறிய வேண்டும். மெழுகுவர்த்தியின் மஞ்சள் ஒளி எங்கிருந்து வருகிறது? மைக்கேல் ஃபாரடே 1860-61-இல் லண்டன் ராயல் கழகத்தில் சிறுவர்களுக்கு ஆற்றிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் இதை விளக்கினார். எரியும் மெழுகு ஆவியில் மிக நுண்ணிய கரித்துகள்கள் உண்டாகின்றன. அவை சூட்டில் ஒளிர்வதே மஞ்சள் நிறம். குளிர்ந்த கரண்டியைச் சுவாலையில் பிடித்தால் அந்தத் துகள்களே கரியாகப் படிகின்றன. அடிப்பகுதியில் தெரியும் நீலம் துகள்களால் வருவதன்று. அங்கே வேதிவினையில் ஈடுபடும் வாயு மூலக்கூறுகள் நேரே ஒளி உமிழ்கின்றன.

மெழுகுவர்த்தி ஒளியின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 1,900 கெல்வின். பழைய குண்டு பல்பின் ஒளி 2,700 கெல்வின் அளவில் இருக்கும். நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும் பல்புகூடச் சுவாலைக்குப் பக்கத்தில் வெளுத்துத் தெரிவது இதனால்தான். எனவே மின்கணப்பில் வெண்மையான எல்இடியை அப்படியே வைத்தால் வேலைக்கு ஆகாது; செம்மஞ்சள் எல்இடிகளைக் கலக்க வேண்டும்.

நிறத்தைவிட முக்கியமானது அசைவு. சூடான வாயு இலேசாகி மேலே எழ, பக்கத்துக் குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. இரண்டும் உரசும் எல்லையில் சுழல்கள் உண்டாகி, சுவாலையைத் துண்டு துண்டாக அறுத்து மேலே அனுப்புகின்றன. இது ஓரளவு சீரான துடிப்பு. தீயின் அடிப்பகுதி விட்டத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 1.5-ஐ வகுத்தால் ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது தோராயமாகக் கிடைக்கும். ஒரு மீட்டர் அகலத் தீ நொடிக்கு ஒன்றரை முறை துடிக்கும். கால் மீட்டர் அகலமுள்ள கணப்புத் தீக்கு நொடிக்கு மூன்று. பெரிய தீ நிதானமாக ஆடுவதும் சிறிய தீ படபடப்பதும் இதனால்தான். பழைய திரைப்படங்களில் சிறிய மாதிரி வீட்டை எரித்துப் பெரிய மாளிகை எரிவதாகக் காட்டினால் நாம் ஏமாறாததும் இதனால்தான். தீயின் அவசரம் அதன் அளவைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

துடிப்பு ஓரளவு சீராக இருந்தாலும் ஒரு துடிப்பின் வடிவம் மறு துடிப்பில் வராது. கட்டைகளில் கனலும் தணலோ இதற்கு நேர்மாறாக மெல்ல மங்கி மெல்லச் சிவக்கும். சுவாலையும் தணலும் ஒரே தாளத்தில் மினுக்கினால் போலி என்று உடனே தெரிந்துவிடும். மலிவான கணப்புகளில் நான் அதிகம் காணும் குறை இதுவே.

பல்பும் தகரத் தட்டும்

முதல் முறை மிக எளியது. போலிக் கரித்துண்டுகளின் அடியில் சிவப்புப் பூச்சுள்ள குண்டு பல்பு. அதற்குச் சற்று மேலே, ஓர் ஊசிமுனையில் இலேசான தகரத் தட்டு. தட்டில் விசிறி இதழ்போலச் சாய்வான வெட்டுகள் இருக்கும். பல்பின் சூட்டில் மேலெழும் காற்று இதழ்களைத் தள்ள, தட்டு சுழலும். ஒளியும் நிழலும் மாறி மாறிக் கரித்துண்டுகளின்மேல் ஓடும். மோட்டார் இல்லை, தனி மின்சுற்று இல்லை. வெப்பச்சலனம் ஒன்றே போதும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பாவில் 2009 முதல் குண்டு பல்புகள் படிப்படியாக விலக்கப்பட்டன. பழைய மின்கணப்பில் அதற்குப் பதில் எல்இடி பல்பைப் போட்டால் ஒளி வரும், தட்டு சுழலாது. எல்இடி மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதால் தட்டைத் தள்ளப் போதிய சூடு அதில் இல்லை. வீணாவதாக நாம் நினைத்த வெப்பம்தான் அங்கே வேலை செய்துகொண்டிருந்தது.

கண்ணாடியின் மாயம்

மேற்சொன்ன முறையில் தணல் தெரியும். எழுந்தாடும் சுவாலை தெரியாது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து பரவிய முறை அதையும் காட்டியது. இதைப் புரிந்துகொள்ள ஓர் அனுபவத்தை நினைத்துப் பாருங்கள். இரவில் பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்க்கிறோம். நம் முகம் சன்னலுக்கு வெளியே மிதக்கிறது. அதன் ஊடே தெருவிளக்குகளும் தெரிகின்றன. கண்ணாடி கொஞ்சம் ஒளியை எதிரொளிக்கிறது, மிச்சத்தை ஊடுருவ விடுகிறது. ஜான் ஹென்றி பெப்பர் 1862-இல் லண்டனில் மேடையில் ஆவியைத் தோன்றச் செய்ததும் இந்தத் தத்துவத்தால்தான்.

மின்கணப்பில் முன்புறம் பிசினால் வார்த்த போலி விறகுகள் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு கண்ணாடி. அதில் மெல்லிய உலோகப் பூச்சு இருப்பதால் பாதி ஆடிபோல வேலை செய்யும். அதற்கும் பின்னால் ஒளியைப் பரப்பும் மங்கலான திரை. சுவாலை உருவம் விழுவது இந்தத் திரையில்.

சமதள ஆடியில் பொருள் எவ்வளவு முன்னால் இருக்கிறதோ, பிம்பம் அவ்வளவு பின்னால் தோன்றும் என்று பள்ளியில் படித்திருப்போம். விறகு கண்ணாடிக்கு 8 செ.மீ. முன்னால் இருந்தால் அதன் பிம்பம் 8 செ.மீ. பின்னால் தெரியும். திரை 3 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று கொள்வோம். அப்போது பார்ப்பவர் கண்ணுக்கு முன்னே ஒரு விறகு வரிசை, பின்னே இன்னொரு விறகு வரிசை, இரண்டுக்கும் நடுவிலிருந்து எழும் சுவாலை! தட்டையான ஒரு படத்துக்கு ஆழம் வந்துவிடுகிறது. மொத்தப் பெட்டியின் கனம் ஒரு சாண்தான் இருக்கும். மின்கணப்பின் எல்லா உத்திகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. எட்டாம் வகுப்பு ஒளியியலுக்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

சுவாலை உருவம் எப்படி வருகிறது? அடியில் கிடைமட்டமாக ஒரு தண்டு. அதில் பளபளப்பான தகட்டு இதழ்கள் வெவ்வேறு நீளத்திலும் வளைவிலும் பொருத்தப்பட்டிருக்கும். சிறு மோட்டார் தண்டைச் சுழற்ற, விளக்கொளி இதழ்களில் பட்டு, சுவாலை வடிவத் துளைகள் வழியே திரையில் கீழிருந்து மேலாக ஓடும். தண்டு எதிர்த்திசையில் சுழன்றால் சுவாலை மேலிருந்து கீழே வழியும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

திரும்ப வராமை

சுழலும் தண்டின் குறை, ஒரு சுற்று முடிந்ததும் அதே காட்சி மீண்டும் வருவது. இதே சிக்கலைத் தொலைக்காட்சியும் சந்தித்தது. நியூயார்க்கின் டபிள்யூபிஐஎக்ஸ் நிலையம் 1966 கிறிஸ்துமஸ் முன்னிரவில், கணப்பில்லாத அடுக்குமாடிக் குடும்பங்களுக்காக எரியும் கணப்பின் படத்தை ஒளிபரப்பியது. 17 நொடிப் படத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினர். வெட்டு தெளிவாகத் தெரிந்தது. 1970-இல் ஆறு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட புதிய படத்தை எடுத்து மாற்றினர். முதல் படப்பிடிப்பில் தீ நன்றாகத் தெரியட்டும் என்று பாதுகாப்பு வலையை அகற்ற, பொறி தெறித்து விலையுயர்ந்த கம்பளம் கருகியது என்பது கூடுதல் செய்தி. பொய்த்தீயில் அந்தப் பயமில்லை.

மின்கணப்பில் இதற்குத் தீர்வு எளிய கணக்கில் இருக்கிறது. 7 நொடிக்கு ஒருமுறை சுற்றும் தண்டு ஒன்றையும் 11 நொடிக்கு ஒருமுறை சுற்றும் தண்டு ஒன்றையும் சேர்த்து வைத்தால், காட்சி மீண்டும் வர அவற்றின் மீச்சிறு பொது மடங்கான 77 நொடி ஆகும். 6, 12 என்று வைத்திருந்தால் 12 நொடியிலேயே திரும்பியிருக்கும். மீச்சிறு பொது மடங்கு வாழ்க்கையில் எங்கே பயன்படும் என்று கேட்கும் மாணவருக்கு இதைச் சொல்லலாம்.

மின்னணுச் சுற்றுகள் வேறு வழியில் செல்கின்றன. ஒன்று, சுழி ஆகியவற்றின் வரிசையை ஒரு படி நகர்த்தி, முன்பிருந்த இலக்கங்களைக் கொண்டே புது இலக்கத்தை உண்டாக்கும் சிறு சில்லு, பார்வைக்கு ஒழுங்கற்ற எண்களைத் தரும். எல்இடியின் பிரகாசம் அந்த எண்களின்படி கூடிக் குறையும். கார்த்திகைக்குக் கடைகளில் விற்கும் பேட்டரி அகல்விளக்குகள் பலவற்றில் மினுக்குவது இத்தகைய சில்லுதான்.

நீராவியல்ல, நீர்த்துளி

அண்மைக்கால முறைகளில் சிறந்தது மீயொலி முறை. டிம்ப்ளெக்ஸ் நிறுவனம் ஆப்டிமிஸ்ட் என்ற பெயரில் இதை விற்கிறது. நீர்த்தொட்டியின் அடியில், மின்னழுத்தம் தந்தால் அதிரும் பீங்கான் வில்லை ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 17 லட்சம் முறை அதிர்கிறது. நீரின் மேற்பரப்பிலிருந்து சில மைக்ரோமீட்டர் அளவுள்ள துளிகள் தெறித்துப் பனிப்புகையாக எழுகின்றன. இது கொதித்து வரும் ஆவியன்று. கையை வைத்தால் சுடாது. சிறு விசிறி அதை விறகுகளின் இடுக்கு வழியே மேலே தள்ள, அடியிலிருந்து செம்மஞ்சள் ஒளி பாய்கிறது. துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் அடியில் பிரகாசமாகவும் மேலே போகப் போக மங்கியும் தெரியும்.

இங்கே ஒழுங்கின்மையை யாரும் கணக்கிட்டு உண்டாக்க வேண்டியதில்லை. உண்மைச் சுவாலையை அறுக்கும் அதே காற்றுச் சுழல்கள் இந்தப் பனிப்புகையையும் அறுக்கின்றன. பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் உருவம் தட்டையாவதில்லை. ஆனால் பராமரிப்பு வேண்டும். உப்புநீர் ஊற்றினால் வில்லையில் சுண்ணாம்பு படியும். தேங்கிய நீரில் கிருமி வளர்ந்து, துளியோடு மூச்சில் கலக்க வாய்ப்புண்டு. எனவே தொட்டியைக் குறித்த காலத்தில் கழுவியே ஆக வேண்டும்.

சூட்டுக் கணக்கு

எந்தச் சுவாலை முறையானாலும் சூடு தருவது தனிச் சுருளே. வட அமெரிக்காவின் 120 வோல்ட் வீட்டு இணைப்பில் மின்கணப்பு பெரும்பாலும் 1,500 வாட் அளவில் இருக்கும். பிரிட்டனில் 2,000 வாட் வரை. சுவாலைப் பகுதி எல்இடி வகைகளில் மிகக் குறைந்த வாட்களே எடுப்பதால், கோடையில் சூட்டை அணைத்துவிட்டுக் காட்சியை மட்டும் ஓட்டலாம். விலை உயர்ந்த கணப்பு அதிகச் சூடு தரும் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். 1,500 வாட் எந்தப் பெட்டியில் இருந்தாலும் 1,500 வாட்தான். கூடுதல் விலை சுவாலைக்கு. 2,000 வாட் சுருள் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட் செலவாகும். வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்துவரும் வெப்ப ஏற்றி அதே 2 யூனிட்டில் ஏறத்தாழ மூன்று மடங்கு சூடு தரும். எனவே இன்று பல வீடுகளில் முழு வீட்டுக்கும் வெப்ப ஏற்றியும், உட்காரும் அறையில் மட்டும் மாலை வேளைக்கு மின்கணப்பும் வைத்துக்கொள்கிறார்கள்.