செயினை மட்டும் மாற்றினால் போதுமா?

சென்ற மாதம் மோட்டார் சைக்கிள் பராமரிப்புப் பற்றி வானொலியில் நான் பேசிய பின்னர் பலர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். செயின் தேய்ந்தால் பற்சில்லுகளையும் மாற்றத்தான் வேண்டுமா, அல்லது கராஜ்காரர் காசு பிடுங்கப் பார்க்கிறார்களா? இதற்கு என் வீட்டுக் கதையிலிருந்தே பதில் சொல்கிறேன்.

இங்கே லண்டனில் எங்கள் மூத்த மகன் படிப்புச் செலவுக்காக 125 சி.சி. மோட்டார் சைக்கிளில் இரவில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். போன வருடம் செயின் தொங்கிப் போயிற்று. செயின், முன் பற்சில்லு, பின் பற்சில்லு மூன்றையும் ஒன்றாக மாற்றவேண்டும் என்று கராஜில் சொன்னார்கள். நான் விடவில்லை. "உதெல்லாம் தேவையில்லைத் தம்பி, செயினை மட்டும் வாங்கி வா, நான் போட்டுத் தாறன்" என்றேன்.

1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் திருத்துகிற கடை ஒன்றில் வேலை பார்த்தவன் நான். பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. உதிரிப்பாகம் கண்ணில் படாது. செயின் நீண்டால் ஒரு கண்ணியைக் கழற்றுவோம். பல் தேய்ந்தால் பற்சில்லைப் புரட்டிப் பூட்டுவோம். அந்தப் பழக்கம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

நாலு மாதம் போனது. ஒரு மழை இரவு, சிக்னலில் பச்சை விழுந்து மகன் புறப்பட, செயின் பற்களுக்கு மேலால் தாவிக் கழன்றுவிட்டது. பின்னால் பஸ். சாரதி பிறேக் பிடித்ததால் தப்பினான். இரண்டு மைல் தள்ளிக்கொண்டு வந்தான். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் எனக்குக் கூடக் கஷ்டமாக இருந்தது.

என் பிழை எங்கே? செயின் "இழுபட்டது" என்று சொல்கிறோம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஆணியும் அது சுழலும் புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளில் அந்தச் சிறு தேய்வு சேர்ந்துதான் செயின் நீளுகிறது. சிறிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் உள்ள 428 வகைச் செயினில் ஆணிக்கு ஆணி 12.7 மி.மீ. ஆகவே 20 கண்ணிகள் புதிதில் 254 மி.மீ. இருக்கும். 259ஐத் தொட்டால் அதன் காலம் முடிந்தது என்று வையுங்கள். உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே எடுங்கள்.

நீண்ட செயினோடு ஓடி ஓடிப் பற்களும் அதற்கேற்பத் தேய்ந்து கொக்கிபோல் வளைகின்றன. பழையதும் பழையதும் ஒருவாறு ஒத்துப்போகும். அதில் புதுச் செயினைப் போட்டால் சரியாக உட்காராது. பல பற்களில் பரவவேண்டிய பாரம் ஒன்றிரண்டில் விழுந்து, காசு கொடுத்து வாங்கிய செயினும் விரைவில் பழசாகிவிடும். மகனுடைய வண்டியில் முன்னுக்கு 14 பல், பின்னுக்கு 45. முன்னது மூன்று மடங்குக்கு மேல் சுற்றுவதால் அதுதான் முதலில் தேயும்.

மூன்றையும் எப்போதும் மாற்றவேண்டும் என்பதில்லை. பற்சில்லுகள் அண்மையில் போட்டவையாக இருந்து, செயின் மட்டும் துருப்பிடித்து இறுகியிருந்தால் செயின் போதும். பற்களை வெளிச்சத்தில் பாருங்கள். இரு பக்கமும் ஒரே சாய்வாக இருக்கவேண்டும். பின் பற்சில்லின் பின்கோடியில் செயினைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், மூன்றும் மாற்றவேண்டியதுதான்.

நீங்களே பூட்டுவதானால், பழைய செயினைக் கழற்றுமுன் பின் பிறேக்கை ஒருவர் மிதிக்க, முன் பற்சில்லின் நட்டை இளக்கிவிடுங்கள். செயின் போனபின் அது மல்லுக்கட்டும். இணைப்புக் கண்ணியின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கவேண்டும். தளர்வு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். சில்லைச் சுற்றி, செயின் ஆக இறுக்கமாக நிற்கும் இடத்தில் அளவுங்கள். றப்பர் வளையம் உள்ள செயினைப் பெற்றோலால் கழுவவேண்டாம். மண்ணெண்ணெய் நல்லது. இங்கே பரபின் என்று விற்கிறார்கள்.

எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு செயினுக்கு ஒயில் விடாதீர்கள். எங்கள் கடையில் ஒரு பொடியனுக்கு அப்படித்தான் விரல் நுனி போனது.

மூன்று வருடம் கடந்த வண்டிகளுக்கு இங்கே நடக்கும் வருடாந்தச் சோதனையில் செயினையும் பற்சில்லையும் பார்ப்பார்கள். இரவிரவாக ஓடுகிற பிள்ளைகளின் செயின் அதுவரை காத்திருக்காது. மகன் இப்போது மாதம் ஒருமுறை தானே அளக்கிறான். கழற்றிய முன் பற்சில்லை நிலையத்தில் வைத்திருக்கிறேன். கொக்கிப் பல் எப்படியிருக்கும் என்று பார்க்க விரும்புவோர் வந்து கேளுங்கள்.