ரெண்டே நிமிஷத்துல மூச்சு வாங்குதா? வேகத்தைக் குறைங்க, தூரம் தானா கூடும்!

2021-ல் நீலக்கொடி சான்று பெற்ற கோவளம் கடற்கரையில் ஓடிப் பார்க்கலாம்னு கிளம்புறீங்களா? ரெண்டாவது நிமிடமே மூச்சு வாங்கினால், ‘நமக்கு இது செட் ஆகாது’னு திரும்பிடாதீங்க. பெரும்பாலும் பிரச்னை உடம்பில் இல்லை, வேகத்தில்தான்.

எவ்வளவு மெதுவாக ஓடணும்?

பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடியணும். இந்த மித வேகத்திலேயே இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் அனுப்பப் பழகும். தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகும்.

எப்படித் தொடங்குவது?

1996-ல் ஜாஷ் கிளார்க் உருவாக்கிய ‘கவுச் டு 5கே’ திட்டம் 9 வாரம். வாரத்துக்கு 3 நாள்தான் ஓட்டம். முதல் வாரத்தில் 5 நிமிடம் வேகநடை, பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என மாறி மாறி 20 நிமிடம்.

மூச்சு பழகிடுச்சு, தூரத்தைக் கூட்டலாமா?

அவசரம் வேண்டாம். இதயமும் மூச்சும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாண்களும் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் பலருக்கும் காயம் வருகிறது.

மணலில் ஓடலாமா?

உலர்மணல் கெண்டைக்காலைச் சீக்கிரம் களைப்பாக்கும். அலையோர ஈரமணல் இறுகலாக இருந்தாலும் சரிவானது. ஒரே திசையில் ஓடினால் ஒரு காலுக்கே சுமை கூடும். அதனால் பாதித் தூரத்தில் திரும்பி ஓடுங்கள். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை சீக்கிரம் உலராது, உடல் சூடு தணியாது. வெயில் ஏறும் முன் முடிச்சிடுங்க.

நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயப் பிரச்னை உள்ளவர்கள் ஓடத் தொடங்கும் முன்பே ஆலோசனை பெறுவது அவசியம்.