பூனைக்கு இன்சுலின்: அளவில் கவனம்

நீரிழிவு மனிதருக்கு மட்டும் வரும் நோய் அல்ல. வீட்டுப் பூனைகளுக்கும், முக்கியமாக வயது கூடிய, உடல் பருத்த பூனைகளுக்கு வருகிறது. அதிகம் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது ஆகியவை அறிகுறிகள். 1921 இல் ரொறன்ரோவில் கண்டுபிடிக்கப்பட்ட இன்சுலினே பல பூனைகளுக்கும் மருந்து. வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒரு ஊசி.

மொன்றியலில் எங்கள் வீடுகள் பலவற்றில் அம்மாவோ அப்பாவோ இன்சுலின் போடுபவராக இருப்பார். பூனையின் மருந்தும் அதே குளிர்சாதனப் பெட்டியில்தான் இருக்கும். சிறிஞ்சு மாறுவதற்கு இதுவே போதும்.

சிறிஞ்சுகள் எல்லாம் ஒன்றல்ல

மனிதருக்கான இன்சுலின் பெரும்பாலும் யூ-100. அதாவது ஒரு மில்லிலீற்றரில் 100 யூனிற். மிருகங்களுக்கான கனின்சுலின் யூ-40. அதில் ஒரு மில்லிலீற்றரில் 40 யூனிற் மட்டுமே. சிறிஞ்சின் கோடுகளும் அதற்கேற்பவே போடப்பட்டுள்ளன.

யூ-100 இன்சுலினை யூ-40 சிறிஞ்சில் 2 என்ற கோடு வரை எடுத்தால், பூனைக்குப் போவது 5 யூனிற். இது உயிருக்கே ஆபத்து. மாறாக, கனின்சுலினை யூ-100 சிறிஞ்சில் 2 வரை எடுத்தால் 0.8 யூனிற்தான் போகும். சர்க்கரை கட்டுப்படாது.

சில வேளைகளில் வைத்தியர் பூனைக்கும் மனித இன்சுலினையே எழுதுவார். அப்போது யூ-100 சிறிஞ்சே வேண்டும். எனவே போத்தலிலும் சிறிஞ்சிலும் உள்ள எண் ஒன்றுதானா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். பூனையின் மருந்தைத் தனிப் பெட்டியில் பெயர் எழுதி வையுங்கள்.

ஊசி போடும்போது

1. முதலில் பூனை சாப்பிட்டதா என்று பாருங்கள். சாப்பிடாவிட்டால், அல்லது வாந்தி எடுத்தால், ஊசி போடுமுன் மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

2. சில இன்சுலினைக் குலுக்க வேண்டும், சிலதை உள்ளங்கைகளுக்கு இடையில் மெதுவாக உருட்ட வேண்டும். போத்தலில் உள்ளபடி செய்யுங்கள்.

3. காற்றுக்குமிழியை வெளியேற்றி, தளர்ந்த தோலைத் தூக்கிப் பிடித்து, அதன் அடியில் போடுங்கள்.

4. மருந்து வெளியே சிந்தியது போலிருந்தாலும் மீண்டும் போட வேண்டாம்.

5. போட்டவர் நேரத்தையும் அளவையும் கலண்டரில் எழுத வேண்டும். காலையில் அம்மா போட்டதை அறியாமல் மகனும் போட்டுவிடக் கூடாது.

சர்க்கரை இறங்கிவிட்டால்

பூனை சோர்ந்து, தள்ளாடினால், சாப்பிடக்கூடிய நிலையில் உடனே உணவு கொடுங்கள். முடியாவிட்டால் தேனையோ கோர்ன் சிரப்பையோ முரசில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்ற வேண்டாம். வலிப்பு வந்தால் வாய்க்குள் விரலை விடாதீர்கள். தேறியது போலத் தெரிந்தாலும் வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

இன்சுலின் உறையக்கூடாது. குளிர்காலத்தில் காரில் விட்டுவிட்டு வராதீர்கள். பாவித்த ஊசிகளைக் குப்பையில் போடாமல், எங்கே கொடுப்பது என்று மருந்துக்கடையில் கேளுங்கள். இரவிலும் திறந்திருக்கும் மிருக வைத்தியசாலையின் தொலைபேசி எண்ணை இன்றே குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.