மாடு வைத்திருக்கும் வீட்டுப் பெண் கால்நடை மருத்துவம் படித்தால்

புத்தலப்பட்டிலிருந்து திருப்பதி அப்படியொன்றும் தூரமில்லை. சித்தூரிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் முற்பகலுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அதனால்தான் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தில் மகளுக்கு இடம் கிடைத்ததும், "சனி ஞாயிறு வந்துடுவா, மாட்டையும் பார்த்துக்குவா" என்று வீட்டில் கணக்குப் போடுகிறார்கள். திருப்பதிக் கல்லூரி 1955 முதல் இருக்கிறது. அது பல்கலைக்கழகமானது 2005இல். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது கைக்கெட்டிய இடம்தான். ஆனால் தூரம் குறைவு என்பதால் நேரம் மிச்சமாகும் என்று நினைப்பது தவறு.

படிப்பு மொத்தம் ஐந்தரை ஆண்டு: நாலரை ஆண்டு பாடம், ஓராண்டு இன்டர்ன்ஷிப். இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி நாடு முழுக்க இதுதான் நடைமுறை. வருகைப்பதிவு 75 சதவீதம் இருந்தாக வேண்டும். முதலாண்டில் வரும் உடற்கூறியலைத் தோழியின் நோட்டைப் பார்த்து ஈடுகட்ட முடியாது. எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். ஆகவே முதலாண்டில் எந்தப் பதவியும் வேண்டாம், ஆராய்ச்சி என்ற பேச்சும் வேண்டாம் என்பது என் கட்சி. வீட்டாரும் அந்த ஒரு வருஷம் அவளை விட்டுவிட வேண்டும். படிப்பு, பதவி, ஆராய்ச்சி, வீடு என நான்கையும் ஒரே நேரத்தில் சமமாகச் சுமக்கச் சொல்கிறவர்கள் அந்தப் படிப்பைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் கொஞ்சம் மூச்சுவிட இடமுண்டு. தலைமைப் பொறுப்பு எதையாவது எடுப்பதானால் இப்போது எடுக்கலாம். வகுப்புப் பிரதிநிதி, மெஸ் கமிட்டி, நாட்டு நலப்பணித் திட்டம் என்று வழிகள் பல. கடைசியாகச் சொன்னதற்கு இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவையும் ஏழு நாள் முகாமும் தேவை. ஒன்றை எடுத்தால் போதும். பத்து விவசாயிகளுக்கு நடுவில் நின்று தெளிவாகப் பேசப் பழகுவதுதான் இதில் கிடைக்கும் லாபம். இந்தத் தொழிலுக்கு அது மருந்தியல் அளவுக்கு முக்கியம். நான்காம் ஆண்டில் மருத்துவமும் அறுவைச் சிகிச்சையும் ஈனியலும் வந்துவிடும். கன்று போட முடியாமல் தவிக்கும் மாட்டை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினால், கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று கிளம்ப முடியாது.

இதையெல்லாம்விடச் சிக்கலானது ஊர்.

இரண்டாம் ஆண்டு லீவுக்கு வரும்போதே அவள் ஊருக்கு 'டாக்டரம்மா' ஆகிவிடுகிறாள். பெரியப்பா வீட்டு மாட்டுக்கு மடிநோய், பக்கத்து வீட்டுக் கன்றுக்குக் கழிச்சல், "ஒரு ஊசி போட்டுட்டுப் போம்மா" என்று வாசலில் ஆள் நிற்கும். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் சிகிச்சை செய்யலாம். மாணவிக்கு அந்த உரிமை இல்லை. சட்டத்தை விடுங்கள், ஆபத்தும் இருக்கிறது. நஞ்சுக்கொடி விழாத மாட்டுக்கு வெறும் கையை உள்ளே விட்டால், அந்த மாட்டுக்குக் கருச்சிதைவு நோயான புருசெல்லோசிஸ் இருக்கும் பட்சத்தில் அது கையை விட்டவளுக்கும் தொற்றக்கூடும். மடிக்கு எதையோ ஆன்டிபயாடிக் என்று ஏற்றிவிட்டு அன்று மாலையே பாலைச் சென்டரில் ஊற்றினால், அந்த மருந்து பாலோடு யார் யார் வீட்டுக்கோ போகும்.

அவள் செய்யக்கூடியதும் உண்டு. காய்ச்சலை அளந்து பார்க்கலாம். மாடு கடைசியாக எப்போது அசைபோட்டது, சாணம் எப்படிப் போகிறது என்று சரியான கேள்விகளைக் கேட்கலாம். 1962 என்ற எண்ணுக்கு அடித்து நடமாடும் கால்நடை ஆம்புலன்ஸை வரவழைக்கலாம். "ஊசி மட்டும் போடமாட்டேன்" என்பதைப் பெரியப்பாவிடம் அவளே சொல்ல நேர்ந்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். அதை அப்பா சொல்ல வேண்டும். இந்தப் படிப்பில் குடும்பம் செய்யக்கூடிய பெரிய உதவி இதுவே என்று தோன்றுகிறது. பீஸ் கட்டுவதுகூட இதற்கு அடுத்துதான்.

ஆராய்ச்சிக்கு வருவோம். இளநிலைப் படிப்பில் ஆய்வேடு கிடையாது. அது இரண்டாண்டு முதுநிலையில்தான் வரும். அதற்காக அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, வீட்டுக் கொட்டகையிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிடலாம். மாடு எந்தத் தேதியில் சினைக்குக் கத்தியது, காலையிலா மாலையிலா, சினை ஊசி எப்போது போட்டது, 21 நாள் கழித்துத் திரும்பக் கத்தியதா என்று அம்மாவே எழுதி வைக்கலாம். காலையில் கத்திய மாட்டுக்கு அன்று மாலை ஊசி, மாலையில் கத்தியதற்கு மறுநாள் காலை என்பது வழக்கமான விதி. மூன்று ஊசிக்கும் சினை நிற்காத மாடு சித்தூர்ப் பக்கத்து ஜெர்சிக் கலப்பின மாடுகளிடையே சாதாரணமாகக் காணக்கூடியதுதான். அதற்குக் காரணம் தீவனமா, கர்ப்பப்பைத் தொற்றா, ஊசி போட்ட நேரமா? நாலு மாட்டின் கணக்கை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஆசிரியரிடம் போய் நிற்பதற்குச் சொந்தமாக ஒரு கேள்வி கிடைத்துவிடும். முதுநிலையில் பலரும் கடன் வாங்கிய தலைப்போடுதான் தொடங்குகிறார்கள்.

இன்னொரு வாசல் பலமநேரில் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில்தான் புங்கனூர்க் குட்டை மாடுகளைப் பாதுகாத்து வருகிறார்கள். சுமார் மூன்றடி உயரமுள்ள மாடு, பாலில் கொழுப்பு அதிகம், சொந்த ஊர் இதே சித்தூர்ப் பகுதி. 2024 பொங்கலை ஒட்டிப் பிரதமர் தம் இல்லத்தில் இந்த மாடுகளுக்குத் தீவனம் ஊட்டிய படம் வந்தது. இப்போது பங்களா வாசலில் கட்டிவைக்க வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இனத்தைக் காப்பது வேறு, அழகுக்கு வளர்ப்பது வேறு. அந்த வேறுபாட்டை எண்களோடு சொல்ல இன்னும் ஆள் வேண்டும்.

கடைசி முடிச்சு இன்டர்ன்ஷிப் ஆண்டில் விழுகிறது. அந்த ஓராண்டில் மருத்துவமனை வேலையோடு முதுநிலை நுழைவுத் தேர்வுக்கும் படிக்க வேண்டியிருக்கும். கல்யாணப் பேச்சும் பெரும்பாலும் அப்போதுதான் எழும். தம்பியின் காலேஜ் பீஸும் சேர்ந்துகொள்ளும். வேலையா, மேல்படிப்பா என்பதை நான்காம் ஆண்டின் தொடக்கத்திலேயே எல்லாரும் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியாதென்றால் மாடுகளைக் குறைப்பது பற்றியும் அப்போதே தீர்மானிக்கலாம். கறவை மாட்டுக்குக் கன்று ஈன்ற புதிதில்தான் நல்ல விலை கிடைக்கும். கொட்டகை நோட்டைப் பார்த்தால் அது எந்த மாதம் என்று தெரிந்துவிடும்.