மெமரிக்குள் சரக்கை அடுக்குவது எப்படி?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னைப் போன்ற சாப்ட்வேர் எஞ்சினியர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஜிபி ராம் போட்டால் போதும்?" என்பதுதான். அந்த ராமுக்குள் தகவல்கள் எப்படி அடுக்கி வைக்கப்படுகின்றன என்று யாரும் கேட்பதில்லை. புரோகிராம் எழுத விரும்புகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நான் தூத்துக்குடிக்காரன், எங்கள் துறைமுகத்தை வைத்தே சொல்கிறேன்.

பெட்டியும் பைட்டும்

வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர்கள் பெரும்பாலும் 20 அடி அல்லது 40 அடி நீளம் கொண்டவை. கப்பலில் ஒரு 40 அடி இடத்தில் இரண்டு 20 அடிப் பெட்டிகளை வைக்கலாம். ஆனால் ஒரு 40 அடிப் பெட்டியைப் பாதி இந்த இடத்திலும் பாதி அடுத்த இடத்திலுமாக வைக்க முடியாது. மூலைகளைப் பூட்டும் இடம் பொருந்தாது. ஒரு 20 அடிப் பெட்டி முதலில் அமர்ந்துவிட்டால், பக்கத்து 20 அடியைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த இடத்தில்தான் பெரிய பெட்டியை வைக்க வேண்டும்.

மெமரியிலும் இதே கதைதான். சி மொழியில் ஓர் எழுத்துக்கு 1 பைட், ஒரு முழு எண்ணுக்குப் பொதுவாக 4 பைட். முழு எண்ணை 4-இன் மடங்கான முகவரியில் வைத்தால் பிராசஸர் எளிதாக எடுக்கும். எழுத்து, எண், எழுத்து என்ற வரிசையில் ஒரு 'ஸ்ட்ரக்சர்' எழுதிப் பாருங்கள். கூட்டினால் 6 பைட். ஆனால் 'சைஸ்ஆஃப்' கொடுத்துக் கேட்டால் 12 என்று வரும்! இரண்டு எழுத்துகளுக்குப் பின்னாலும் 3 பைட்டுகளை கம்பைலர் காலியாக விடுகிறது. இதற்குப் பேடிங் என்று பெயர். எண்ணை முதலில் எழுதி, இரண்டு எழுத்துகளையும் அடுத்தடுத்து எழுதினால் 8 பைட் போதும். 10 லட்சம் பதிவுகள் இருந்தால் 40 லட்சம் பைட் மிச்சம். செலவு? வரிசையை மாற்றியது மட்டுமே.

இடைவெளியே கூடாத இடம்

இனி எதிர்ப்பக்கம். கப்பல்களில் ஏ.ஐ.எஸ். என்ற கருவி உண்டு. "நான் இங்கே இருக்கிறேன்" என்று ரேடியோ மூலம் மற்ற கப்பல்களுக்கும் கரைக்கும் அது சொல்லிக்கொண்டே இருக்கும். சர்வதேசப் பயணம் செல்லும் 300 கிராஸ் டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு 2004 இறுதிக்குள் இது கட்டாயமாக்கப்பட்டது.

ஒரு சேனலில் ஒரு நிமிடத்தை 2,250 துண்டுகளாகப் பிரித்துக் கப்பல்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு துண்டில் 256 பிட் மட்டுமே போகும். இருப்பிடச் செய்தியில் கப்பல் எண், வேகம், திசை என 16 விவரங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 4 பைட் கொடுத்தால் 512 பிட் ஆகிவிடும். எனவே ஒரு பிட் கூட வீணாக்காமல் 168 பிட்டில், அதாவது 21 பைட்டில், எல்லாவற்றையும் அடைத்திருக்கிறார்கள். கப்பல் எண்ணுக்கு 30 பிட், வேகத்துக்கு 10, தீர்க்கரேகைக்கு 28, அட்சரேகைக்கு 27.

ஒரு பிட் தவறினால்?

தீர்க்கரேகை 62-வது பிட்டில், அதாவது 8-வது பைட்டின் நடுவில் தொடங்குகிறது. தூத்துக்குடி கிழக்கே 78 டிகிரி 13 நிமிடத்தில் உள்ளது. ஒரு நிமிடத்தைப் பத்தாயிரமாகப் பிரித்து அனுப்புவதால் இது 4,69,30,000 என்ற எண்ணாகப் போகும். புரோகிராமர் ஒரு பிட் தள்ளிப் படித்தால் எண் இரட்டிப்பாகி, 156 டிகிரி 26 நிமிடம் என்று வரும். தூத்துக்குடி கப்பல் பசிபிக் பெருங்கடலில் நிற்பதாகத் திரை காட்டும்! அருகில் வரும் கப்பலை இந்தத் திரையை நம்பித் தவிர்க்க முடியுமா?

நீங்கள் செய்ய வேண்டியது

சி மொழி கற்கிறீர்களா? உங்கள் புரோகிராமுக்குள் மட்டும் இருக்கும் ஸ்ட்ரக்சரில் பெரியவற்றை முதலில், சிறியவற்றைக் கடைசியில் எழுதுங்கள். பேடிங்கை அப்படியே விட்டுவிடுங்கள். வேகத்துக்கு அது நல்லது.

வெளியிலிருந்து வரும் ஃபைலையோ செய்தியையோ அப்படியே ஸ்ட்ரக்சர் மீது கொட்டாதீர்கள். 'பிராக்மா பேக்' கட்டளை பைட் இடைவெளியை நீக்கும்; ஆனால் பிட் வரிசை கம்பைலருக்குக் கம்பைலர் மாறக்கூடும். ஷிஃப்ட் ஆபரேட்டரால் ஒவ்வொரு விவரத்தையும் தனியாகப் பிரித்தெடுங்கள். பிறகு தெரிந்த ஓர் ஊரின் எண்ணைக் கொடுத்து, சரியான இடம் வருகிறதா என்று சோதியுங்கள். தூத்துக்குடியின் எண்தான் மேலே இருக்கிறதே!